டாவிஸ்டாக்: இரண்டு ரயில் நிலையங்கள் இருந்த ஊருக்கு இன்று ஏன் ஒன்றும் இல்லை?

கேட்டிருப்பது இது: இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், டார்ட்மூர் மேட்டுநிலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் டாவிஸ்டாக் ஊரில் வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஒரு பெரிய கல் பாலம் போகிறது. அதன் மேல் நடக்கலாம், ஆனால் ரயில் ஓடுவதில்லை. பக்கத்திலேயே பழைய நிலையக் கட்டடம் வீடாக நிற்கிறது. ஊரில் இன்னொரு நிலையமும் இருந்ததாகச் சொல்கிறார்கள். ஒரு சிற்றூருக்கு எதற்கு இரண்டு? இரண்டையும் ஏன் மூடினார்கள்? பக்கத்து ஓக்ஹாம்ப்டனுக்கு ரயில் திரும்பி வந்துவிட்டதே, இங்கே ஏன் வரவில்லை?

சுருக்கமாகச் சொன்னால், இரண்டு கம்பெனிகளின் போட்டியால் ஊருக்கு இரண்டு பாதைகள் கிடைத்தன. நாடு சிக்கனம் பார்த்தபோது இரண்டும் தனித்தனியாக, ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் போயின. ஓக்ஹாம்ப்டனில் தண்டவாளத்தைப் பிடுங்கவில்லை, டாவிஸ்டாக்கில் பிடுங்கிவிட்டார்கள். இன்றைய வித்தியாசம் முழுக்க இதில்தான் இருக்கிறது. இனி விவரமாக.

முதல் நிலையம், 1859

19ஆம் நூற்றாண்டின் நடுவில் டாவிஸ்டாக் செம்புச் சுரங்க ஊர். ஊரும் சுற்றுநிலமும் பெரும்பாலும் பெட்ஃபோர்ட் பிரபுவுக்குச் சொந்தம். சுரங்கச் சரக்கு 1817இல் திறந்த கால்வாய் வழியாக மார்வெல்ஹாம் என்ற ஆற்றுத்துறைக்குப் போய், அங்கிருந்து டேமார் ஆற்றில் படகேறியது. 1844இல் அருகே பெரிய செம்புப் படிவம் கண்டெடுக்கப்பட்டு டெவன் கிரேட் கன்சால்ஸ் சுரங்கம் எழுந்த பிறகு ஊரில் பணப்புழக்கம் கூடியது. ரயில் வேண்டும் என்ற பேச்சும் வலுத்தது.

1854இல் நாடாளுமன்றச் சட்டம் கிடைத்து, 1859 ஜூன் 22 அன்று சவுத் டெவன் அண்டு டாவிஸ்டாக் கம்பெனியின் பாதை திறந்தது. பிளிமத்துக்குக் கிழக்கே பிரதான பாதையிலிருந்து பிரிந்து வடக்கே ஏறும் ஒற்றைப்பாதை அது. தண்டவாளங்களுக்கு இடையே 7 அடி கால் அங்குலம், அதாவது பொறியாளர் புரூனலின் அகலப்பாதை. டார்ட்மூரிலிருந்து இறங்கும் ஆறுகள் எல்லாம் குறுக்கே வருவதால் ஆறு இடங்களில் உயர்ந்த மரப் பாலங்கள் தேவைப்பட்டன. அவற்றில் பெரியது வால்காம் ஆற்றின் மேல் இருந்தது: ஏறக்குறைய 1,100 அடி நீளம், 132 அடி உயரம்.

இந்த மரப் பாலங்களின் தச்சு வேலை கவனிக்கத்தக்கது. கல்தூண் ஒரு மட்டம் வரை எழும். அதன் தலையிலிருந்து சாய்வான மரக்கால்கள் விசிறிபோல் விரிந்து மேல்தளத்தைத் தாங்கும். ஒரு மரம் உளுத்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம், ரயிலை நிறுத்த வேண்டியதில்லை. கையில் பணம் குறைவாக இருந்த கம்பெனிக்கு இது பொருத்தமான வழி. ஆனால் பராமரிப்பு ஓயாது. நல்ல பைன் மரம் கிடைப்பது அரிதாகி, எஞ்சின்களின் எடையும் ஏறியபோது இவை ஒவ்வொன்றாக மாற்றிக் கட்டப்பட்டன. வால்காம் பாலம் 1910 வரை தாக்குப்பிடித்தது.

1865 ஜூலை 1 அன்று பாதை வடக்கே லிட்ஃபர்ட் வழியாக லான்ஸ்டன் வரை நீண்டது. ஊரின் மரநிலையம் 1887இல் தீப்பிடித்து எரிந்துபோக, அதே இடத்தில் கல்லில் கட்டினார்கள். பின்னாளில் டாவிஸ்டாக் சவுத் என்று பெயர்பெற்றது இந்த நிலையம்தான்.

மூன்றாவது தண்டவாளம்

இரண்டாவது நிலையம் பிறந்த காரணம் இங்கே இருக்கிறது. லண்டன் வாட்டர்லூவிலிருந்து எக்ஸிடர் வழியாக மேற்கே வந்துகொண்டிருந்த லண்டன் அண்டு சவுத் வெஸ்டர்ன் கம்பெனி, டார்ட்மூரின் வடக்கு விளிம்பைச் சுற்றி 1874 அக்டோபரில் லிட்ஃபர்டை எட்டியது. அதன் இலக்கு பிளிமத் துறைமுகம். சொந்தப் பாதை இல்லாததால், லிட்ஃபர்டிலிருந்து தெற்கே போட்டிக் கம்பெனியின் பாதையில்தான் ஓட வேண்டும். ஆனால் அது அகலப்பாதை, இவர்களுடையது 4 அடி எட்டரை அங்குலம்.

அதற்கு மூன்றாவது தண்டவாளம் ஒன்றைப் போட்டார்கள். ஒரு பக்கத் தண்டவாளம் இருவருக்கும் பொது. மறுபக்கம் அகல வண்டிக்கு ஒன்று, குறுகிய வண்டிக்கு உள்ளே தள்ளி இன்னொன்று. நேர்ப்பாதையில் சிக்கல் இல்லை. பாதை பிரியும் பாய்ண்ட் ஒவ்வொன்றிலும் நகரும் துண்டுகள் கூடும், பழுதும் கூடும். பொதுத் தண்டவாளம் நடைமேடையை ஒட்டி இல்லாவிட்டால் குறுகிய பெட்டிக்கும் மேடைக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும். 1876 மே 17 முதல் வாட்டர்லூ வண்டிகள் இப்படித்தான் டாவிஸ்டாக் வழியாகப் பிளிமத்துக்குப் போயின.

ஒற்றைப்பாதை, வளைவு, ஏற்றம், போதாததற்குப் போட்டியாளரின் சிக்னலுக்குக் காத்திருக்கும் நிலை. சவுத் டெவன் பாதைகள் அந்த ஆண்டே கிரேட் வெஸ்டர்ன் என்ற பெரிய கம்பெனியின் கைக்குப் போயிருந்தன. விரைவு வண்டி ஓட்ட நினைக்கும் கம்பெனி இப்படி எத்தனை நாள் ஓட்டும்?

இரண்டாவது நிலையம், 1890

1883இல் பிளிமத், டெவன்போர்ட் அண்டு சவுத் வெஸ்டர்ன் ஜங்ஷன் என்ற உள்ளூர்க் கம்பெனி, லிட்ஃபர்டிலிருந்து பிளிமத்தை ஒட்டிய டெவன்போர்ட் வரை சுமார் 22 மைலுக்குத் தனிப்பாதை போட அனுமதி வாங்கியது. கட்டியது அவர்கள், வண்டி ஓட்டியது சவுத் வெஸ்டர்ன். 1890 ஜூன் 2 அன்று திறந்தது. முழுக்க இருவழிப்பாதை.

லிட்ஃபர்டிலிருந்து டாவிஸ்டாக் வரை புதுப்பாதை பழைய பாதையை ஒட்டியே இறங்குகிறது. இரண்டு கம்பெனிகளின் லிட்ஃபர்ட் நிலையங்களும் அருகருகே நின்றன. இருந்தும் ஒரு பாதையிலிருந்து மற்றதற்கு நேராக வண்டி திருப்பும் இணைப்பு, போர்க்கால நெருக்கடியில் 1943இல்தான் அங்கே மறுபடி போடப்பட்டது. டாவிஸ்டாக்குக்குத் தெற்கே இரண்டும் பிரிந்துவிடும். பழையது தென்கிழக்கே யெல்வர்டன் வழியாகப் போய்ப் பிளிமத்தைக் கிழக்கிலிருந்து தொடும். புதியது தென்மேற்கே பியர் ஆல்ஸ்டன் வழியாக டேமார் கரையோரம் சென்று மேற்கிலிருந்து நுழையும்.

இதனால் பிளிமத்தில் ஒரு விநோதம் நடந்தது. டெவன்போர்டில் சவுத் வெஸ்டர்ன் வைத்திருந்த நிலையம் 1876இல் கிழக்கிலிருந்து வரும் வண்டிகளுக்குக் கடைசி நிறுத்தம். 1890இல் வண்டிகள் மேற்குப் பக்கமாக வரத் தொடங்கியதும் அது இடைநிலையமாகிவிட்டது. பிளிமத் நார்த் ரோடு நிலையத்திலோ லண்டன் போகும் இரண்டு கம்பெனி வண்டிகளும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் கிளம்பின. பாதை வரைபடத்தைப் பார்க்காமல் பழைய நேர அட்டவணையை மட்டும் படிப்பவர்களுக்கு இந்த இடம் எப்போதும் குழப்பம் தரும்.

புதுப்பாதை டாவிஸ்டாக்கில் ஊருக்கு வடக்கே குன்றின் இடுப்பில் போனது. பள்ளத்தைத் தாண்ட எட்டு வளைவுகள் கொண்ட கல்பாலம். அதை ஒட்டி நிலையம், பின்னாளில் டாவிஸ்டாக் நார்த். ஊர் நடுவிலிருந்து டிரேக் ரோடு வழியாக மூச்சு வாங்க ஏற வேண்டும். பெட்டி படுக்கையோடு போகிறவர்களுக்குச் சிரமம்தான். ஆனால் வாட்டர்லூவுக்கு நேர் வண்டி அங்கேதான் நின்றது. வாட்டர்லூவிலிருந்து மேற்கே ஓடிய விரைவு வண்டியான அட்லாண்டிக் கோஸ்ட் எக்ஸ்பிரஸின் பிளிமத் பெட்டிகள் இந்த வழியாகப் போயின. சவுத் வெஸ்டர்ன் கம்பெனியின் வாரிசான சதர்ன் ரயில்வே தன் மேற்கத்திய எஞ்சின் வரிசையில் ஒன்றுக்கு, பின்னாளில் எண் 34011, இந்த ஊரின் பெயரையே வைத்தது.

அகலப்பாதைக் காலம் 1892 மே மாதம் ஒரே வார இறுதியில் முடிந்தது. எக்ஸிடருக்கு மேற்கே மிச்சமிருந்த அகலப்பாதை முழுவதையும் 4,200க்கு மேற்பட்ட ஆட்கள் மாற்றி முடித்தார்கள். அதன்பின் டாவிஸ்டாக்கின் இரண்டு பாதைகளும் ஒரே அளவு. ஊரோ பெருகவில்லை. செம்பு விலை வீழ்ந்து சுரங்கங்கள் ஒவ்வொன்றாக அடைந்துகொண்டிருந்தன. இரண்டு நிலையங்களுக்கு வேண்டிய கூட்டம் அந்த ஊரில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பதே என் கணிப்பு.

பெயரும் தேதியும்: படிப்பவர்கள் தவறும் இடங்கள்

1948இல் ரயில் கம்பெனிகள் அரசுடைமையான பிறகு, 1949 செப்டம்பர் 26 அன்றுதான் நார்த், சவுத் என்ற ஒட்டுகள் வந்தன. அதற்கு முன் இரண்டுக்கும் பெயர் வெறும் டாவிஸ்டாக். ஆகவே பழைய டிக்கெட்டிலோ புகைப்படத்திலோ ஊர்ப்பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நிலையம் உயரத்தில், ஊர் கீழே தெரிய இருந்தால் நார்த். எஞ்சினின் கொதிகலன் மேல் பளபளக்கும் பித்தளைக் கூடு இருந்தால் அது கிரேட் வெஸ்டர்ன் எஞ்சின், அநேகமாகச் சவுத்.

மூடிய தேதி இரண்டு விதமாக எழுதப்படுவதற்கும் காரணம் உண்டு. பிரிட்டிஷ் ஆவணங்களில் மூடல் தேதி என்பது ரயில் ஓடாத முதல் நாள். சவுத் நிலையத்தின் மூடல் தேதி 1962 டிசம்பர் 31, திங்கட்கிழமை. கடைசி ரயில் ஓடியது டிசம்பர் 29, சனிக்கிழமை. இரண்டும் சரியே. பயணிகளுக்கு மூடிய தேதியும் சரக்குக்கு மூடிய தேதியும் வேறுபடுவதுண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடல் ஒன்று, மூடல் இரண்டு

சவுத் நிலையத்தின் முடிவு பனியில் நடந்தது. அந்த டிசம்பர் 29 இரவு தென்மேற்கு இங்கிலாந்தில் பெரும் பனிப்புயல். பாய்ண்டுகளில் பனி இறுகி, கடைசி வண்டிகள் வழியிலேயே நின்றுபோயின. பயணிகள் பெட்டிகளிலேயே இரவைக் கழித்தார்கள்.

பலர் இந்த மூடலை, நாடெங்கும் ரயில் பாதைகளை மூடப் பரிந்துரைத்த ரயில்வே தலைவர் டாக்டர் பீச்சிங் தலையில் போடுகிறார்கள். அது தவறு. பீச்சிங்கின் அறிக்கை வந்தது 1963 மார்ச் 27 அன்று. சவுத் அதற்கு முன்பே போய்விட்டது. ஒரே ஊருக்கு இரண்டு பாதைகள் என்ற இரட்டிப்பை நீக்குவதாகச் சொல்லித்தான் அதை மூடினார்கள். நார்த் இருக்கிறதே என்பது அன்றைய வாதம். அன்றைக்கு அது நியாயமான வாதம்கூட.

ஆனால் சவுத் மூடிய மறுநாளே, 1963 ஜனவரி 1 அன்று, அரசு ரயில்வேயின் சதர்ன் பகுதியிலிருந்த மேற்குப் பாதைகள் அதன் வெஸ்டர்ன் பகுதியின் நிர்வாகத்துக்குப் போயின. நார்த் இப்போது பழைய கிரேட் வெஸ்டர்னின் வாரிசுகள் கையில். அவர்களுக்கு எக்ஸிடரிலிருந்து பிளிமத்துக்கு டாலிஷ் கடலோரம் வழியாகச் சொந்தப் பிரதான பாதை இருந்தது. அந்தக் கண்ணோட்டத்தில் ஓக்ஹாம்ப்டன், டாவிஸ்டாக் வழி என்பது இன்னொரு இரட்டிப்பு. ஆக, அதே சொல் இரண்டாவது முறை பயன்பட்டது. முதல் முறை ஊருக்குள் இரண்டு பாதைகள் என்றார்கள், இரண்டாம் முறை எக்ஸிடர், பிளிமத் இடையே இரண்டு பாதைகள் என்றார்கள். இரண்டு கணக்கையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்திருந்தால் ஊருக்கு ஒன்றாவது மிஞ்ச வேண்டும் என்பது தெரிந்திருக்கும். இந்த ஊரின் வரலாற்றில் எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

1964 செப்டம்பரில் அட்லாண்டிக் கோஸ்ட் எக்ஸ்பிரஸ் நின்றது. நீண்டதூர வண்டிகள் போய், உள்ளூர் டீசல் வண்டிகள் மிஞ்சின. கூட்டம் குறைந்ததைக் காட்டி 1968 மே 6 முதல் ஓக்ஹாம்ப்டன், பியர் ஆல்ஸ்டன் இடையிலான பாதையை மூடினார்கள். டாவிஸ்டாக் நார்த் அதோடு போயிற்று.

அதே பாதையின் தெற்குத் துண்டு, பிளிமத்திலிருந்து பியர் ஆல்ஸ்டன் வரை, ஏன் பிழைத்தது? பியர் ஆல்ஸ்டனிலிருந்து கன்னிஸ்லேக்குக்கு ஒரு கிளை போகிறது. 1908இல் திறந்தது, கால்ஸ்டாக்கில் கான்கிரீட் கட்டைகளால் கட்டிய பன்னிரண்டு வளைவுப் பாலத்தில் டேமாரைக் கடப்பது. அந்தப் பள்ளத்தாக்கில் சாலைகள் குறுகலானவை, பாலங்கள் அரிது. ரயிலில் சில நிமிடத்தில் ஆற்றைத் தாண்டலாம், சாலையில் நெடுஞ்சுற்று. மாற்று வழி இல்லை என்ற ஒரே காரணத்தால் கிளை காப்பாற்றப்பட்டது. டாவிஸ்டாக்கிலிருந்து பிளிமத்துக்கு நல்ல சாலையும் பஸ்ஸும் இருந்தன. அந்த வசதியே அதற்கு எதிராகப் பேசியது.

ஓக்ஹாம்ப்டனுக்கு வந்தது, இங்கே வரவில்லை

ஓக்ஹாம்ப்டன் பயணிகள் ரயிலும் 1972 ஜூனில் நின்றது. ஆனால் ஊருக்கு அப்பால் மெல்டனில் ஒரு கல்குவாரி இருந்தது. ரயில்வேக்கே ஜல்லி கொடுத்த குவாரி. அதற்காகத் தண்டவாளம் இருந்தபடியே இருந்தது. 1997 முதல் கோடைக்கால ஞாயிறுகளில் பயணிகள் வண்டியும் ஓடியது. 2021இல் அரசு மறுதிறப்புக்குப் பணம் ஒதுக்கியபோது 11 மைல் புதுத்தண்டவாளம், 24,000 கான்கிரீட் சிலிப்பர் கட்டைகள், 29,000 டன் ஜல்லி போட்டு, செலவு சுமார் 4 கோடி பவுண்டில் முடித்து, நவம்பர் 20 அன்று தினசரி ரயிலை விட்டார்கள். நிலம் வாங்கும் வேலை இல்லை, பாலம் கட்டும் வேலை இல்லை. இருந்த பாதையைப் புதுப்பித்தார்கள், அவ்வளவுதான்.

டாவிஸ்டாக்கில் தண்டவாளம் எடுக்கப்பட்டு, நிலம் பல கைகளுக்குப் பிரிந்துவிட்டது. நார்த் நிலையத்தின் சரக்கு முற்றம் இருந்த இடத்தில் இன்று கில்வர்தி பார்க். மேற்கு டெவன் உள்ளாட்சி மன்ற அலுவலகம் அங்கேதான். பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலிடப்பட்ட நிலையத்தை நன்றாகப் புதுப்பித்து, விடுமுறைத் தங்குமிடமாக வைத்திருக்கிறார்கள். ஆகவே பழைய இடத்துக்கே ரயில் வராது. எந்தத் திட்டமும் ஊரின் தெற்கு விளிம்பில், காலிங்டன் ரோடு அருகே, புதிய முனைய நிலையத்தைத்தான் பேசுகிறது.

பியர் ஆல்ஸ்டனிலிருந்து அங்கே சுமார் ஐந்தரை மைல். பழைய பாதையின் மண்மேடும் பாலங்களும் குகைப்பாதையும் பெரும்பாலும் நிற்கின்றன. ஆனால் கல்லும் மண்ணும் நிற்பதால் மட்டும் ரயில் ஓடிவிடாது. அரை நூற்றாண்டு பார்க்காத வடிகால் அடைத்திருக்கும், மேட்டுச் சரிவுகளில் மரங்கள் வேர்பிடித்திருக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் ஜல்லி கொட்டினால் முதல் மழைக்காலத்திலேயே பாதை அமுங்கும்.

அடுத்தது, பலரும் கணக்கில் எடுக்காத ஒன்று: பியர் ஆல்ஸ்டனுக்குத் தெற்கே இன்று ஓடும் பாதை. இருவழிப்பாதை ஒற்றையாகிவிட்டது. கிளைப்பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். பியர் ஆல்ஸ்டனில் சிக்னல் நிலையம் கிடையாது, வண்டி ஊழியரே இறங்கிப் பாய்ண்டை மாற்றுகிறார். டாவிஸ்டாக்குக்கு மணிக்கொரு ரயில் விட்டு, கன்னிஸ்லேக் ரயிலையும் குறைக்காமல் ஓட்ட வேண்டுமானால், வண்டிகள் எதிரெதிர் கடக்க ஓர் இடமும் முறையான சிக்னலும் வேண்டும். ஐந்தரை மைல் தண்டவாளத்தின் விலையை மட்டும் பார்த்து, குறைந்த செலவில் முடிந்துவிடும் என்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

2014 பிப்ரவரியில் டாலிஷில் கடல் பாதையைத் தின்றபோது பிளிமத்துக்கும் கார்ன்வாலுக்கும் இரண்டு மாதம் ரயிலே இல்லை. மாற்றுவழியாக ஓக்ஹாம்ப்டன், டாவிஸ்டாக் பாதை முழுவதையும் திறக்க ஆகும் செலவை, நாட்டின் தண்டவாளங்களைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரயில் நிறுவனம் அந்த ஆண்டே சுமார் 87.5 கோடி பவுண்டு என்று மதிப்பிட்டது. ஓக்ஹாம்ப்டனுக்கு அப்பாலுள்ள மெல்டன் இரும்புப் பாலம் ரயிலின் எடையைத் தாங்கும் நிலையில் இல்லை. அது காக்கப்பட்ட நினைவுச்சின்னம், இன்று சைக்கிள் பாதை. முழுப்பாதையும் வரும் என்று யாராவது சொன்னால் முதலில் இந்தப் பாலத்தைப் பற்றிக் கேளுங்கள். பியர் ஆல்ஸ்டன், டாவிஸ்டாக் துண்டு மட்டும் என்றால் அது வேறு பேச்சு, நடக்கக்கூடிய பேச்சு. மூடிய பாதைகளைத் திறக்க 2020இல் அரசு தொடங்கிய திட்டத்தின் கீழ் அதற்கான ஆய்வு நடந்துகொண்டிருந்தது. 2024 ஜூலையில் நிதியமைச்சர் அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்.

போய்ப் பார்க்க

நார்த் பக்கம் எளிது. ஊர் நடுவிலிருந்து டிரேக் ரோட்டில் ஏறினால் நிலையம் தெரியும். அது தனியார் இடம், வெளியே நின்று பாருங்கள். நிலையத்துக்குத் தெற்கே சுமார் ஒரு மைல் பாதை இயற்கைக் காப்பிடமாகத் திறந்திருக்கிறது, எட்டு வளைவுப் பாலம் உட்பட. பாலத்தின் மேல் நின்று அகலத்தைக் கவனியுங்கள்: இரண்டு பாதைகளுக்கான இடம்.

சவுத் பாதையின் தடத்தைப் பார்க்க டிரேக்ஸ் டிரெயில் என்ற சைக்கிள், நடைபாதையில் யெல்வர்டன் நோக்கிப் போக வேண்டும். வால்காம் ஆற்றின் மேல் 2012இல் திறந்த ஜெம் பாலம் வரும்: 200 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். புரூனலின் மரப்பாலம் நின்ற பள்ளத்தாக்கு அதுதான்.

நேரமிருந்தால் பிளிமத்திலிருந்து கன்னிஸ்லேக் ரயிலில் ஒருமுறை போய்வாருங்கள். பியர் ஆல்ஸ்டனில் வண்டி நின்றதும் ஓட்டுநர் மறுமுனைக்கு நடந்துபோவார். கிளைப்பாதை வந்த பக்கமாகவே பிரிவதால் வண்டி திசை திரும்ப வேண்டும். அந்தச் சில நிமிடம் வண்டியின் முன்முகம் பார்த்து நிற்பது டாவிஸ்டாக் திசையை.